பாப்பாரப்பட்டியா, பாப்பிரெட்டிப்பட்டியா?

கேட்டிருப்பவர் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஓசூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும் ஊரில். தெருவில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறார். ஆசிரியர் பயிற்சி இல்லாமல் முடியுமா, அ, ஆவில் தொடங்கினால் சரியா, எத்தனை மாதம் ஆகும் என்று மூன்று கேள்விகள்.

முடியும். அ, ஆவில் தொடங்காதீர்கள். மாதக் கணக்கை அப்புறம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் தொண்டனாக லாந்தர் விளக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். அப்போது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம், 2004இல்தான் பிரிந்தன. இப்போது காரிமங்கலம் பக்கம் ஓர் அங்கன்வாடி வராந்தாவில் வாரம் மூன்று நாள் உட்காருகிறேன். இடையில் பல வருடம் விட்டுப்போனது. அறிவொளி வந்து போய் இவ்வளவு காலத்துக்கு அப்புறமும் ஆள் இருக்கிறார்களா என்று டவுனில் இருப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறக்குறைய 80 சதவீதம். கிருஷ்ணகிரி 71.5, தர்மபுரி 68.5, மாநிலத்திலேயே கடைசி. அதற்கப்புறம் நிலைமை மாறியிருக்கும். ஆனால் அன்று நாற்பது வயதில் படிக்கத் தெரியாமல் இருந்தவர்கள் எங்கேயும் போய்விடவில்லை, உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள்.

திரும்ப ஆரம்பித்தபோது நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனரிக் கடையில் குழந்தைகள் சுவரில் ஒட்டும் வண்ணப் படம் ஒன்று வாங்கிப் போனேன். அ அணில், ஆ ஆடு. முதல் நாள் பதினான்கு பேர். மூன்றாவது வாரம் ஐந்து பேர். நின்றுபோன ஒரு அம்மாவை வழியில் பார்த்து ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எங்க பேத்தி படிக்கறதையே நானும் போய்க் கத்தறதுக்கு, அவளோடயே பாலவாடிக்குப் போயிடலாமே சார்" என்றார். ஆட்டைக் காட்டி ஆடு என்று நான் சொல்லிக்கொடுத்த அந்த அம்மா வீட்டில் எட்டு ஆடு. எந்த ஆடு எப்போது குட்டி போடும், சந்தையில் என்ன விலை போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

குழந்தைக்கு மொழியும் எழுத்தும் சேர்ந்து வளரும். இவர்களுக்கு மொழி முழுசாகக் கையில் இருக்கிறது. பழமொழி, விடுகதை, ஒப்பாரி, கணக்கு, சண்டை எல்லாமே உங்களைவிட நன்றாகத் தெரியும். இல்லாதது அந்த ஒலிக்குரிய கோடு மட்டும்தான். இவர்களிடம் இல்லாத இன்னொன்று: நேரம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவுகளையும் நீங்களே எடுத்துவிடலாம்.

எங்கே தொடங்குவது? பெயரில். எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள், அதில் புதுமை எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலோர் அங்கேயே நின்றும் விடுகிறார்கள். உங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு ஏற்கனவே கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கும். மகளிர் குழு அதைச் செய்துவிட்டது. தமிழ்நாட்டில் அரசின் சுய உதவிக் குழுக்கள் 1989இல் ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கியதே நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட வேண்டுமே, அதனால் போடப் பழகிக்கொண்டார்கள். ஆனால் அது எழுத்து இல்லை, படம். கோலம் போடுகிற மாதிரி.

எங்கள் பக்கத்தில் மாதம்மாள் என்ற பெயர் தெருவுக்கு இரண்டு உண்டு. என் வகுப்பில் ஒரே நேரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் முதல் நாளே கடகடவென்று கையெழுத்துப் போட்டுக் காட்டினார். அழகான கையெழுத்து. நடுவில் இருந்த 'மா'வை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் விரலால் மறைத்து, "இது என்னங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான் கையெழுத்துங்களே" என்றார்.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், கையெழுத்தோடு நிற்பது பாதி உதவி என்றுகூடச் சொல்ல முடியாது, சில சமயம் அது கெடுதல். கைநாட்டு வைப்பவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டி, படித்துக் காட்டியதாக ஒரு வரி எழுதி, சாட்சி போடும் வழக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவருக்கு அது கிடையாது. படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். என் வகுப்புக்கு வந்த ஒருவர், வாரத் தவணைக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனி ஆள் நீட்டிய தாளில், பேர் எழுதத் தெரியும் என்ற பெருமையோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அது பக்கத்து வீட்டுக்காரியின் கடனுக்கு ஜாமீன். அந்தப் பெண் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார், தவணை இவர் தலையில். அதற்கப்புறம் நான் யாருக்கும் கையெழுத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெயரை உடைக்காமல் விடுவதில்லை.

உடைப்பது எப்படி என்றால், அதே மாதம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். மா, த, ம், மா, ள். ஐந்து எழுத்தையும் ஐந்து அட்டையில் எழுதி, நாலைந்து படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மா இரண்டைப் பக்கத்தில் வைத்தால் மாமா. மா, த, ம் வைத்தால் மாதம். 'மா'வில் இருக்கும் துணைக்காலை 'த'வுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தாள், தாமதம், தாளம். ஒரே பெயருக்குள் இவ்வளவு சொல் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு அம்மா 'மாமா' வந்த உடனே அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டார், பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்ததால்.

பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் செய்ததும் இந்த வகைதான். 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களை எடுத்து, அசை அசையாகப் பிரித்துச் சேர்க்க வைத்து, 40 மணி நேரத்தில் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நம் அறிவொளிப் பாடமும் உயிரெழுத்தில் தொடங்காது, பட்டா, படி என்று தொடங்கும். நிலம் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் பட்டா என்ற சொல்லைக் கேட்டாலே காது நிமிரும். இன்னொரு வசதியும் உண்டு. ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடும் மூலையுமாக இருப்பவை. அரிவாளும் களைக்கொத்தும் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு அ-வின் சுழியைவிட இவை லேசாக வரும். இந்த மூன்றோடு ஒரு காலும் ஒரு புள்ளியும் போதும்: படம், பாடம், மடம், பட்டம், மட்டம், மாடம், பட்டா. முதல் வாரத்திலேயே ஏழு சொல். 40 மணி நேரம் என்பதை நம்பித் தமிழில் இறங்காதீர்கள், நம் எழுத்து வேறு. அதே நேரம் 247 என்று சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். ங வரிசையில் ங் தவிர எதுவும் தேவைப்படாது, ஔ கடைசி வரை வராவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

உண்மையான மலை எது தெரியுமா? உகரம். கால், கொம்பு, விசிறி எல்லாம் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். உகரம் மட்டும் ஒவ்வோர் எழுத்திலும் ஒவ்வொரு மாதிரி: கு, சு, டு, து, பு, மு, ரு. இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, பழக வேண்டியதுதான். ஆனால் தமிழில் பாதிச் சொல் உகரத்தில்தான் முடிகிறது. அதனால் தனித்தனியாக வரிசை போட்டு ஒப்பிக்க வைக்காமல் க்கு, ட்டு, த்து, ந்து என்று ஜோடியாகவே காட்டுங்கள். வீட்டுக்கு, ஊருக்கு, சந்தைக்கு. இதற்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்கிவிடுங்கள், அவசரப்படாதீர்கள். அடுத்த தொல்லை காலும் 'ர'வும். அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். 'மரம்' என்பதை 'மாம்' என்று படித்தால் அவர்மேல் தப்பு இல்லை. ந, ன, ண தகராறெல்லாம் எழுதும்போதுதான். படிப்பதற்கு அது தடையே இல்லை, ஆறு மாதம் தள்ளிப்போடலாம்.

ஐம்பதைத் தாண்டியவர்களில் சிலர் சின்ன வயதில் ஒன்றாவது இரண்டாவது வரை போயிருப்பார்கள். அவர்கள் 'லை', 'னை' எழுதும்போது யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பைத் தூக்கிப் போட்டால் திருத்த வேண்டாம். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் அப்படித்தான் எழுதினார்கள். நீங்கள் தப்பு என்று சொன்னால் அந்தக் காலத்தில் படித்ததும் போய்விட்டது என்று சோர்ந்துபோவார்கள். பழைய எழுத்து, உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே என்று சொல்லுங்கள், அன்று முழுக்க வகுப்பில் அவர்தான் ராணி.

'வீட்டிற்கு' என்று இருப்பதை 'வூட்டுக்கு' என்று படித்தாலும் திருத்தாதீர்கள். எழுத்துக்கூட்டாமல் பொருளைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம், அதுதானே நமக்கு வேண்டியது.

சரி, இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. நாற்பதைத் தாண்டியவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குக் கண் தெரிகிறதா என்று பார்த்தீர்களா? வெள்ளெழுத்து வந்திருக்கும். நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஊசியைப் பேத்தியிடம் கொடுத்துக் கோக்கச் சொல்கிறார் என்றால் புத்தக எழுத்தும் அவருக்கு மங்கல்தான். படித்துப் பழகியவர்களுக்குக் கண் மங்கினால் உடனே தெரிந்துவிடும். படிக்காதவர்களுக்கு அது தெரியவே தெரியாது, எல்லாருக்குமே எழுத்து இப்படித்தான் கலங்கலாக இருக்கும்போல என்று நினைத்துக்கொள்வார்கள். மண்டையில் ஏறவில்லை என்று தங்களையே திட்டிக்கொண்டு நின்றுபோன மூன்று பேருக்கு அரசு ஆஸ்பத்திரியில் கண் பார்த்துக் கண்ணாடி போட்டபின் எழுத்து ஓடி வந்தது. முதல் சனிக்கிழமை பாடம் வேண்டாம், கண்ணைப் பாருங்கள். எழுத்தையும் கட்டை விரல் அகலத்துக்குப் பெரிதாக எழுதுங்கள்.

பென்சில் வேண்டாம். அழுத்துகிற அழுத்தில் முனை ஒடிந்துகொண்டே இருக்கும், தவிர அது சின்னப் பிள்ளைகள் சாமான். பால் பாயின்ட் பேனா கொடுங்கள்.

இடம் எது என்பதில்தான் வெளியூர்க்காரர்கள் தடுக்கி விழுவார்கள். நீங்கள் உள்ளூர், உங்களுக்கே தெரியும். கோயில் மண்டபத்தில் வைத்தால் யார் வர மாட்டார்கள், ஊர்ப் பக்கத்துத் திண்ணையில் வைத்தால் காலனிப் பெண்கள் வருவார்களா என்று முதலிலேயே யோசியுங்கள். பள்ளிக்கூட வராந்தா, அங்கன்வாடி, நூலகம் மாதிரி யாருடைய வாசலும் இல்லாத இடம் நல்லது. மாமியாரையும் மருமகளையும் ஒரே குழுவில் உட்கார வைக்காதீர்கள். மருமகள் எதிரில் தப்பாகப் படிக்க எந்த மாமியாருக்கும் மனசு வராது. வாயைத் திறக்காமலே மூன்று மாதம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சனி ஞாயிறு மட்டும் என்றால் போதாது. ஐந்து நாள் இடைவெளியில் பாதி மறந்துபோகும். நடுவில் புதன்கிழமை அரை மணி நேரம் பார்த்துக்கொள்ள, அதே தெருவில் ஒன்பதாவது பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணைப் பிடியுங்கள். சொந்தப் பேத்தியாக இருந்தால் வேண்டாம், பேத்திகள் சிரித்துவிடுவார்கள். நேரம் முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். எட்டு மணி சீரியலோடு போட்டி போடாதீர்கள், நான் போட்டியிட்டுத் தோற்றவன். மதியம் நூறு நாள் வேலை முடிந்து புளிய மரத்தடியில் உட்காரும் நேரம் அதைவிட நல்ல வகுப்பு. கையோடு எல்லாரும் அங்கேயே இருப்பார்கள்.

வராத நாட்கள்தான் அதிகம் இருக்கும். தக்காளிக்கு விலை ஏறிவிட்டால் விடியலுக்கு முன்னாடியே பறிப்புக்குப் போய்விடுவார்கள். மாங்காய் சீசனில் தோப்புக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் போவார்கள். சிலர் செங்கல் சூளைக்குப் போனால் திரும்பி வர மாதக் கணக்கில் ஆகும். பாடத்தைச் சங்கிலி மாதிரிக் கோத்து வைத்தால் ஒரு கண்ணி விட்டவர் அப்புறம் வரவே மாட்டார், வெட்கம். அதனால் ஒவ்வொரு நாளும் தனி நாளாக இருக்கட்டும். அன்றைக்கு ஒரு சொல், அதை உடைப்பது, அதிலிருந்து நாலு சொல், வீட்டுக்குப் போகும்போது அவரே எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. இரண்டு மாதம் கழித்து வருபவரும் அன்றைய சொல்லில் ஏறிக்கொள்ளலாம். நான் வருகைப் பதிவேடே வைப்பதில்லை. வைத்தால் வராதது குற்றமாகிவிடும்.

இதே ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் என்றால் இன்னொரு சங்கதி சேரும். அங்கே பலருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். அவர்களுக்கு ஊர்ப் பெயர், கடைப் பெயர், ஆள் பெயர் என்று எந்த மொழியிலும் மாறாத சொற்களில் தொடங்கினால் சிக்கல் குறையும். உங்கள் தெருவுக்கு இது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அரசுத் திட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையோ வட்டார வள மையத்தையோ பாருங்கள், தன்னார்வலராகச் சேர்த்துக்கொள்வார்கள். சம்பளம் கிடையாது. புத்தகம் கிடைக்கும், முடிவில் படிப்பது, எழுதுவது, எண்ணுவது மூன்றுக்கும் சேர்த்து 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, சான்றிதழ். சேருங்கள் என்றுதான் சொல்வேன். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். ஆனால் தேர்வை இலக்காக வைத்து விரட்டாதீர்கள். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டே ஓடிப்போனவர்கள் உண்டு.

எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். போன் நம்பரும் ரூபாய் நோட்டும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டன. போன்தான் படித்தே காட்டுகிறதே, எதற்கு நாங்கள் கத்துக்கணும் என்று ஒருவராவது கேட்பார். அந்த ஜாமீன் கதையைச் சொல்லுங்கள். கம்பெனி ஆள் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கும்போது யாரும் போனை எடுத்துத் தாளுக்கு நேராகப் பிடிக்க மாட்டார்கள்.

எழுத்துக்கூட்ட வந்ததும் என்ன படிக்கக் கொடுப்பது என்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். அறிவொளிக் காலத்தில் பெரிய எழுத்தில் குட்டிக் குட்டிக் கதைப் புத்தகங்கள் நிறைய வந்தன. படிக்க எதுவும் இல்லாவிட்டால் கற்றது ஒரு வருடத்தில் கரைந்துபோகும், கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் இப்போது கையில் கிடைக்கிற நோட்டீஸ்களைச் சேர்த்துவைக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், ரேஷன் கடைப் பலகை. எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது கூத்து நோட்டீஸ். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறதல்லவா, எந்த நாள் எந்தக் கூத்து என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு அம்மா 'துரி' வரை கூட்டினார். அடுத்த 'யோ'வில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நின்றதில் குழம்பி நின்றார். அப்புறம் சடாரென்று "துரியோதனன் படுகளம்" என்று முடித்துவிட்டு, அது கடைசி நாள்தானே என்று நோட்டீஸின் அடியில் தேதியைத் தேடினார். ஊகம்தான். நாம் படிப்பதிலும் பாதி ஊகம்தானே. மறுநாள் 'யோ'வை வேறு சொல்லில் காட்டினேன், பிடித்துக்கொண்டார்.

ஆண்களை நீங்கள் குறிப்பிடவில்லை. இருப்பார்கள், ஆனால் பெண்கள் வகுப்பில் வந்து உட்கார மாட்டார்கள். லைசென்சுக்கு எல்எல்ஆர் போடப் போய்க் கம்ப்யூட்டர் தேர்வில் முழித்தவர் ஒருவர் என்னிடம் இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியாக வந்துபோனார், பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல். அப்படி யாராவது வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடுங்கள்.

எத்தனை மாதம் என்றால், வாரம் மூன்று நாள் ஓரளவு வந்தால் நிதானமாகப் பெயர்ப்பலகை படிக்க எட்டு மாதம் என்பது என் கணக்கு. வேகமாக வருபவர்களும் உண்டு, இரண்டு வருடம் எடுத்தவர்களும் உண்டு. அந்த மூன்று மாதம்மாள்களில் ஒருவர் இரண்டு வருடக்காரர். அவருடைய மகளைக் கொடுத்தது பாப்பாரப்பட்டியில். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் மேற்கே போகும் பாப்பாரப்பட்டி பஸ்ஸும் நிற்கும், கிழக்கே போகும் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸும் நிற்கும். பாலக்கோடும் பா-தான். பா தெரிந்த புதிதில் தைரியமாக ஏறி ஒரு தடவை பாப்பிரெட்டிப்பட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தவர் அவர். அதற்கப்புறம் ஆறு மாதம் யாரையாவது கேட்டுத்தான் ஏறுவார்.

போன தை மாதம் அதே பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மகளுக்குக் கரும்பும் பையும் சுமந்துகொண்டு நின்றிருந்தார். ஒரு பஸ் வந்து நின்றது, கண்டக்டர் கத்துவதற்கு முன்னாலேயே பலகையை அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. பா, ப், பி. பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இது நம்ம பஸ் இல்ல சார், ரெட்டிப்பட்டி" என்றார்.